கம்பியில் குத்திய கடுதாசிகளும் என் கத்திரிக்கோலும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மன்றச் செயலாளர் வகுப்புக்கு வந்த அன்றே சோலார், ரோபோ, எலக்ட்ரிக் வண்டி எல்லாம் ஆளுக்கொன்றாகப் போய்விட்டன. கடைசி பெஞ்சில் இருந்த எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. "தபால்தலை பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எழுதுப்பா, யாரு படிக்கப் போறா!" என்று சொல்லிவிட்டுப் போனார். படிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

தபால்தலை என்றதும் போஸ்டாபீசில் தாளாக வாங்கி, ஓரத்தில் பல்பல்லாகக் கிழித்து, நாக்கில் நனைத்து ஒட்டுவோமே, அது உங்கள் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது அது இல்லை. போஸ்ட் கார்டு, இன்லண்டு, கவர் இவற்றில் வலது மூலையில் அச்சடித்தே வருகிற ஸ்டாம்பு இருக்கிறதல்லவா, அதைப் பற்றி. அந்த ஸ்டாம்பை மட்டும் கத்தரித்து எடுத்துச் சேர்ப்பவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அப்படி வெட்டியெடுத்த துண்டுக்கு 'கட்-அவுட்' என்று பெயர். (நம்ம ஊரில் கட்-அவுட் என்றால் தியேட்டர் வாசலில் பாலாபிஷேகம் நடக்கும். இது ஒரு அங்குலம்தான்.)

எட்டாவது படிக்கும்போது நானும் ஒரு கட்-அவுட் சேகரிப்பாளன் ஆனேன். பள்ளிக்கூடத்தில் பொழுதுபோக்கு என்று ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். பணம் கொடுத்து ஸ்டாம்பு வாங்க வீட்டில் வழியில்லை. ஆனால் எங்கள் வீட்டு விட்டத்தில் ஒரு கம்பி தொங்கியது. கீழே வளைத்து, மேலே கொக்கி போட்ட கம்பி. அதில் நடுவில் ஓட்டை விழ வரிசையாகக் குத்திய பழைய கடுதாசிகள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன எங்கள் தாத்தா 1983 முதல் 1993 வரை எழுதி அனுப்பியவை. எழுதி அனுப்பியவை என்பது தப்பு. தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. கூட வேலை செய்த யாரோ, டீக்கடையில் உட்கார்ந்திருந்த யாரோ எழுதிக் கொடுத்தது. இங்கே ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. போஸ்ட்மேன் திண்ணையில் உட்கார்ந்து ஒருமுறை படித்துக் காட்டுவார். பிறகு அது கம்பிக்குப் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கம்பியை இறக்கி, கத்திரிக்கோலை எடுத்து, ஸ்டாம்பை மட்டும் வெட்டினேன். மொத்தம் 31. ஒரு டிராயிங் நோட்டில் வரிசையாக ஒட்டினேன். மிச்சக் காகிதம் அடுப்புக்குப் போனது. ப்ராஜெக்ட்டுக்கு 'மிக நன்று' கிடைத்தது.

போன வருஷம் டிப்ளமோவில் சேர்ந்து முதல் செமஸ்டர் முடித்து லீவுக்கு ஊருக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆயா கிட்டே வந்து உட்கார்ந்து கேட்டது: "கண்ணு, நீதான் இப்ப பெரிய படிப்பு படிக்கிறியே. உங்க தாத்தா கடைசியா போட்ட கடுதாசிய எனக்கு ஒருக்கா படிச்சிக் காட்டேன். அந்த போஸ்ட்மேன் அவசரத்துல படிச்சிட்டுப் போயிட்டாரு."

அந்தக் கம்பியை ஆயா எதற்காக வைத்திருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கடுதாசியை 31 துண்டுகளுக்குள் தேடிய கதை. போகிற வழியில் கட்-அவுட்டை எப்படி அடையாளம் காண்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கிருந்து வந்தது இந்த ஸ்டாம்பு?

1840-ல் இங்கிலாந்தில் உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான 'பென்னி பிளாக்' வந்தது எல்லாப் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கும். அதே 1840-ல், அதே மே மாதம், ஸ்டாம்பு அச்சடித்த கடிதத்தாளும் உறையும் வந்தன என்பதை யாரும் சொல்வதில்லை. முல்ரெடி என்ற ஓவியர் பிரிட்டானியா தேவி உட்கார்ந்து நாலு திசைக்கும் ஆள் அனுப்புவது போல ஒரு படம் வரைந்திருந்தார். ஜனங்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கேலிப்படம் போட்டு விற்றார்கள். அரசாங்கம் அதை வாபஸ் வாங்கியது.

தபால் அட்டையை முதலில் வெளியிட்டது ஆஸ்திரியா-ஹங்கேரி, 1869 அக்டோபர் 1-ல். பத்தே வருஷத்தில் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. 1879 ஜூலை 1. காலணா கார்டு! பழுப்பு நிறத்தில் விக்டோரியா மகாராணியின் தலை. லண்டனில் டி லா ரூ கம்பெனி அச்சடித்தது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அப்படியென்றால் ஒரு ரூபாய்க்கு 64 கார்டு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் காலணா விலை 1922 வரை, 43 வருஷம், மாறவே இல்லை. இன்று எந்தப் பொருளுக்காவது இதைச் சொல்ல முடியுமா? 1922-ல் அரையணா ஆக்கினார்கள்.

இன்லண்டு லெட்டர் மிகவும் இளையது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-ல்தான் பிறந்தது. கவர் விலையும் வேண்டாம், கார்டு மாதிரி ஊரே படிக்கவும் வேண்டாம் என்பவர்களுக்காக. எங்கள் வீட்டில் கார்டு வந்தால் போஸ்ட்மேன் வருவதற்குள் தெருவுக்கே சேதி தெரிந்துவிடும் என்று ஆயா சொல்லும்.

கட்-அவுட்டா, நிஜ ஸ்டாம்பா?

இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. ஹாஸ்டலில் கன்னியாகுமரி மாவட்டத்து நண்பன் ஒருவன் அவன் தாத்தா பெட்டியில் இருந்து ஒரு துண்டு கொண்டு வந்தான். நடுவில் சங்கு. திருவிதாங்கூர் சமஸ்தானத்துத் தபால். அந்தச் சமஸ்தானம் 1888 முதல் சொந்தமாக ஸ்டாம்பு போட்டது. அவர்கள் தபாலுக்கு வைத்திருந்த பெயர் 'அஞ்சல்'. இன்று நாம் தூய தமிழ் என்று எழுதுகிற அதே சொல். 1951-ல் அது இந்தியத் தபாலோடு கலந்தது. 1956-ல் அவன் ஊர் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. நண்பன் கொண்டுவந்த துண்டில் ஓரத்தில் பல் இல்லை. "பல் போடாம விட்ட ஸ்டாம்புடா, மிஸ்டேக்! லட்சக்கணக்குல போகும்" என்று குதித்தான். பல் போட மறந்த ஸ்டாம்புக்கு நல்ல விலை உண்டு என்பது உண்மைதான். அதனாலேயே கட்-அவுட்டை ஓட்டி வெட்டி, பல் இல்லாத ஸ்டாம்பு என்று ஏமாற்றி விற்பதும் நடக்கிறது.

நாங்கள் மெக்கானிக்கல் ஆயிற்றே! மெட்ராலஜி லேபில் ஸ்க்ரூ கேஜை எடுத்தோம். சார் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். திம்பிளை நேரடியாகத் திருகாதீர்கள், காகிதம் நசுங்கி அளவு தப்பாக வரும். ராட்செட்டைத் திருகி 'டிக் டிக்' என்றதும் நிறுத்த வேண்டும். நாலு இடத்தில் அளந்து சராசரி போட வேண்டும். ஜீரோ எரர் கழிக்க வேண்டும் (பரீட்சையில் மறந்தாலும் இதில் மறக்கவில்லை). சங்குத் துண்டு சாதாரண ஸ்டாம்பைவிட இரண்டு பங்குக்கு மேல் தடிமனாக வந்தது. கார்டில் இருந்து வெட்டியது! நண்பன் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அவன் தாத்தாவுக்கு யாரோ அஞ்சலில் கார்டு போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி என்று சமாதானம் சொன்னேன்.

தடிமன் தவிர இன்னும் சில அடையாளங்கள் உண்டு. ஒட்டும் ஸ்டாம்பின் பின்னால் பசை இருக்கும், அல்லது பசை இருந்த பளபளப்பு இருக்கும். கட்-அவுட்டில் இருக்காது. இன்லண்டு என்றால் காகிதமே நீலம். பழைய கவர், ரிஜிஸ்டர் கவர் என்றால் ஸ்டாம்பு புடைப்பாக இருக்கும். பின்னால் விரலை வைத்தால் பள்ளம் தெரியும். ஊதுபத்தி வெளிச்சத்தில்கூட தெரியும் என்று சொல்வேன், ஆனால் அதைக் காகிதத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது காலம். இதில் முதலில் படத்தைப் பார்க்காதீர்கள், காசைப் பாருங்கள். அணா, பை என்று இருந்தால் 1957-க்கு முந்தியது. 1957 ஏப்ரல் 1-ல் தசம நாணயம் வந்தது. அதன் பிறகு ஏழு வருஷம் 'நயா பைசா'. 1964-ல் 'நயா' போய்விட்டது, வெறும் பைசா ஆனது. ராஜா தலை இருந்தால் இன்னும் சுலபம்: விக்டோரியா 1901 வரை, ஏழாம் எட்வர்டு 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, பிறகு ஆறாம் ஜார்ஜ். விக்டோரியா துண்டிலேயே 'ஈஸ்ட் இந்தியா' என்று போட்டிருந்தால் இன்னும் பழசு. 1880-களில் 'ஈஸ்ட்' விழுந்துவிட்டது. ராஜாக்கள் தலையில் அச்சு லண்டனா, நாசிக்கா என்று ஒரு தனி ஆராய்ச்சியே உண்டு. நாசிக் பிரஸ் ஸ்டாம்பு அச்சடிக்க ஆரம்பித்தது 1926-ல்.

எங்கள் வீட்டுத் துண்டுகளில் ராஜாவும் இல்லை ராணியும் இல்லை. 17 துண்டு கார்டு, பெரும்பாலும் 15 பைசா புலி. உங்கள் வீட்டிலும் பழைய கார்டு இருந்தால் அந்தப் புலி கட்டாயம் இருக்கும். 1978 முதல் 1997 வரை கார்டு 15 பைசாதான். ஆக, புலியை வைத்து வருஷம் சொல்ல முடியாது, பத்தொன்பது வருஷ வித்தியாசம்! இரண்டு கவர். மிச்சம் 12 இன்லண்டு. இங்கேதான் எனக்கு வழி கிடைத்தது. இன்லண்டு விலை அடிக்கடி ஏறியது. 35 பைசாவில் 3 துண்டு, 50 பைசாவில் 4, 75 பைசாவில் 5. 75 பைசா ஆனது 1990-ல். தாத்தா தவறியது 1993 ஆடி மாசம். கடைசிக் கடுதாசி இன்லண்டுதான், நீலக் கலர் என்று ஆயா உறுதியாகச் சொன்னது. அப்படியானால் 31-ல் 26 கழிந்துபோக, ஐந்துதான் மிச்சம்.

இனி சீல். தபால் முத்திரை என்பது ஸ்டாம்பை மறுபடி உபயோகிக்காமல் இருக்கக் குத்துவது. வட்டத்தில் ஊர்ப் பெயர், நடுவில் தேதி. 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்த பிறகு ஆறு இலக்க எண்ணும் சேர்ந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். நம் தர்மபுரிக்கு 636-ல் ஆரம்பிக்கும், கிருஷ்ணகிரி பக்கம் 635. பெங்களூர் 560. பழைய சீல் கிடைத்தால் இன்னொன்றும் பாருங்கள்: நம் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் சேலம் ஜில்லா என்று இருந்தால் திகைக்காதீர்கள். 1965 அக்டோபர் 2-க்கு முன் தர்மபுரி என்று ஒரு மாவட்டமே இல்லை, எல்லாம் சேலம்தான். 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்து போனது. ஆக ஓசூர்க் கடிதம் ஒன்று சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று மூன்று மாவட்டப் பெயரையும் ஆளுக்கொரு காலத்தில் தாங்கி வந்திருக்கும்.

இங்கேதான் என் கத்திரிக்கோலின் லட்சணம் தெரிந்தது. சீல் எப்போதும் ஸ்டாம்பின் மேல் முழுசாக விழாது. பாதி ஸ்டாம்பில், பாதி காகிதத்தில். நான் ஸ்டாம்பின் கோட்டை ஒட்டியே வெட்டியிருந்தேன். 'நீட்டாக' இருக்க வேண்டுமாம்! ஐந்து துண்டிலும் சேர்த்து எனக்குக் கிடைத்தவை: ஒரு '560', ஒரு வளைவு, ஒன்றில் '2-93', இன்னொன்றில் '6-93'. நாள் எதிலும் இல்லை. ஊர்ப் பெயர் எதிலும் முழுசாக இல்லை. இங்கே நம் ஊர் போஸ்டாபீசில் குத்திய இரண்டாவது சீல் காகிதத்தின் பின்பக்கம் இருந்திருக்கும். அது அடுப்பில்.

இந்தத் தப்பைச் செய்தது நான் ஒருவன் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய சேகரிப்பாளர்கள் எல்லாம் ஆல்பத்தில் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகக் கவரை வெட்டியவர்கள்தான். 1854-ல் வந்த நம் இந்திய நாலணா ஸ்டாம்பு எட்டுப் பட்டைச் சட்டம் போட்ட அழகான இரண்டு கலர் ஸ்டாம்பு. ஜனங்கள் சட்டத்தை ஒட்டி எட்டுப் பட்டையாகவே வெட்டி ஒட்டினார்கள். இன்று சதுரமாக விட்டதற்கு நல்ல விலை. எட்டுப் பட்டையாக வெட்டியதற்கு அதில் சிறு பங்குதான். ராணி தலைகீழாக அச்சான புகழ்பெற்ற நாலணாவிலும் சில எட்டுப் பட்டையாக வெட்டுப்பட்டவைதான். உலகிலேயே விலை அதிகமான பிரிட்டிஷ் கயானாவின் 1856-ம் வருஷத்து ஒரு செண்ட் ஸ்டாம்பும் நாலு மூலையும் வெட்டுப்பட்டது. அதை 1873-ல் கண்டெடுத்தவன் யார் தெரியுமா? பன்னிரண்டு வயசுப் பள்ளிக்கூடப் பையன், சொந்தக்காரர் வீட்டுப் பழைய கடிதங்களுக்குள். ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான்! 2014-ல் அது ஒன்பது மில்லியன் டாலருக்கு மேல் போனது. அவன் ஸ்டாம்பை எடுத்துக்கொண்டு கடிதத்தை என்ன செய்தான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

வெட்டுவதே பாவம் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1853 முதல் ஸ்டாம்பு அச்சடித்த கவர் உண்டு. அங்கே ஸ்காட் கேட்டலாக்கில் வெட்டிய துண்டுக்கு ஒரு விலை, முழுக் கவருக்கு ஒரு விலை என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். காகிதம் கரையான் தின்று, எலி கடித்து, ஸ்டாம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போது நாலு பக்கமும் தாராளமாக ஒரு சென்டிமீட்டராவது விட்டுச் சதுரமாக வெட்டுங்கள். சீல் முழுசும் வருகிற மாதிரி வெட்டுங்கள், அழகு அப்புறம். வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் போன் கேமராவில் படம் எடுங்கள். எதிலிருந்து வெட்டியது, யாருக்கு வந்தது என்று பென்சிலில் ஒரு வரி குறித்து வையுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம். செல்லோ டேப்பும், லேமினேஷனும் வேண்டவே வேண்டாம். டேப் பத்து வருஷத்தில் பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். கம்பியில் இருந்தால் மெதுவாக இறக்கி வையுங்கள், துரு பரவும்.

சரி, ஐந்து துண்டுக்கு வருகிறேன். சீல் கைவிட்ட பிறகு ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டலில் படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. இன்லண்டில் ஸ்டாம்பு இருக்கிற இடத்துக்கு நேர் பின்னால் என்ன இருக்கும்? உள்பக்கம்! உள்பக்கத்தில்தானே கடுதாசி எழுதுகிறோம்! நான் வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் முதுகில் தாத்தாவின் பேச்சு ஒரு அங்குலம் இருக்க வேண்டும். முகவரிப் பக்கத்தின் வலது மூலையைப் புரட்டினால் அது உள்ளே இடது மூலை. அதாவது வரிகளின் ஆரம்பம்.

ஆனால் எல்லாம் நோட்டில் ஒட்டியிருக்கின்றனவே. சாதாரண ஸ்டாம்பு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் அரை மணியில் கழன்று வரும். கட்-அவுட்டைத் தண்ணீரில் போடக் கூடாது. முதுகில் எழுத்து இருக்கிறது, பேனா மை கரைந்து ஓடிவிடும். நல்ல காலத்துக்கு முதல் பாதித் துண்டுகளைச் சோற்றுப் பசையில் ஒட்டியிருந்தேன். பசை தீர்ந்ததும் மிச்சத்துக்குக் கடையில் வாங்கிய வெள்ளைப் பசை. ஒரு டிபன் டப்பாவில் ஈர மையொற்றுத் தாளைப் பரப்பி, மேலே ஒரு காய்ந்த தாள், அதன்மேல் நோட்டுப் பக்கத்தை வெட்டி வைத்து மூடினேன். தண்ணீர் படாது, ஈரக் காற்று மட்டும் படும். காலையில் சோற்றுப் பசை இளகியிருந்தது. பிளேடு போடாமல் நகத்தால் மெதுவாகத் தள்ளினால் வந்துவிட்டது. 19 துண்டு கழன்றன. வெள்ளைப் பசையில் ஒட்டிய 12 அசையவில்லை. அவற்றில் இன்லண்டுத் துண்டுகளுக்குப் பின்னால் போன் டார்ச்சை வைத்தால் எழுத்து நிழலாக, இடவலம் மாறித் தெரிகிறது. படம் எடுத்துப் போனிலேயே திருப்பிப் படிக்கலாம். கார்டுத் துண்டு தடிமன் என்பதால் அதில் ஒன்றும் தெரியவில்லை.

கிடைத்ததை எல்லாம் ஆயாவிடம் கொண்டுபோனேன். கார்டுத் துண்டுகளில் "அன்பு", "நலம்", "இவ்விட", திரும்பத் திரும்ப அதுவே. ஒரு கார்டில் "மாங்கா". எந்த வருஷத்து மாங்காய் என்று ஆயா உடனே சொல்லிவிட்டது, காய் விலை போகாமல் வண்டியோடு திரும்பி வந்த வருஷமாம். '2-93' துண்டில் "பணம்", அடுத்த வரியில் "சேட்டு". அதற்கு ஆயா பதில் சொல்லவில்லை.

'6-93' துண்டு சோற்றுப் பசைத் துண்டு. நீல மயிலுக்குப் பின்னால் மூன்று வரி. முதல் வரி "கூடத்". இரண்டாம் வரி "நிறுத்". மூன்றாம் வரி "உடம்பு".

நம் ஆட்கள் கடுதாசி எழுதும்போது வரி முடிந்தால் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்து அடுத்த வரியில் தொடர்வார்கள். ஆக முதல் வரி 'பள்ளிக்கூடத்' என்பதன் மிச்சம். 1993 ஜூன். அப்பா ஐந்தாவது முடித்து, ஆறாவதுக்குப் பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய மாசம். அப்பா போகவில்லை. அந்த ஜூன் மாசத்தில் இருந்தே மாடு மேய்க்கவும் பிறகு செங்கல் சூளைக்கும் போனார். எல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். தாத்தாதான் நிறுத்தச் சொல்லிவிட்டார், அவருக்கு உடம்பு முடியவில்லை என்று அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார்.

"நிறுத்" வரை இருக்கிறது. அதற்குப் பிறகு என் கத்திரிக்கோல். 'நிறுத்திவிடு' என்றும் இருக்கலாம், 'நிறுத்தாதே' என்றும் இருக்கலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 'த்' புள்ளியோடு அடுத்த எழுத்தின் கால்வாசி வளைவு தெரிகிறது. 'தி'க்கும் 'தா'வுக்கும் அந்த இடத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் முதலில் வருவது அதே 'த'தானே. மேல்விலங்கு போட்டிருக்கிறதா, கால் போட்டிருக்கிறதா என்பது இன்னும் மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருந்திருக்கும். ஸ்டாம்பு ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விடச் சொன்னேனே, ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆயாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தது. "நிறுத்தாதேன்னுதான் எழுதியிருந்தாரு கண்ணு. எப்பாடு பட்டாவது பையன அனுப்புன்னு. போஸ்ட்மேன் அப்பிடித்தான் படிச்சாரு. எனக்குத்தான் வேற வழி தெரியல. உங்கப்பன்கிட்ட நான் மாத்திச் சொல்லிட்டேன்."

இதை எழுதலாமா என்று அப்பாவிடமும் ஆயாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பா அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். "நிறுத்" என்று இரண்டு தடவை படித்தார். திருப்பி மயிலைப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

கம்பியில் இன்னும் நாலு கடுதாசி முழுசாக இருக்கின்றன. அன்றைக்கு ஸ்டாம்பு அழுக்காக, கிழிசலாக இருக்கிறது என்று நான் வெட்டாமல் விட்டவை. அதில் ஒன்று 50 பைசா இன்லண்டு, ஆனால் சீல் தேதி 1990 ஆகஸ்ட். விலை 75 ஆனது தெரியாமல் தாத்தா பழைய இன்லண்டை அப்படியே பெட்டியில் போட்டிருக்கிறார். கூடுதல் ஸ்டாம்பு ஒட்டாததால் ஸ்டாம்பின் மேலேயே 'டி' என்ற குறி குத்தியிருக்கிறார்கள். குறைந்த காசுக்கு இரண்டு மடங்கு வாங்குபவரிடம் வசூலிப்பார்கள் என்பது அன்றைய சட்டம். 25-க்கு 50 பைசா. கேட்டதும் ஆயாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது: "ஆமா, அம்பது காசு கேட்டாரு. முட்டை வித்த காசு குடுத்து வாங்கினேன்." அழுக்கு என்று நான் ஒதுக்கிய அந்தக் குறிக்காகவே, அதை முழுசாக வைத்திருந்தால் சேகரிப்பவர்கள் தேடி வாங்குவார்களாம். விற்பதாக இல்லை.

நாலையும் கம்பியில் இருந்து இறக்கி, ஓட்டையோடே நிமிர்த்தி, ஒரு காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும்தான் இதுவரை ஆயாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு லீவுக்கு ஒன்று போதும் என்று ஆயா சொல்லிவிட்டது.

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்